யாரும் கலக்காத நஞ்சு: உணவிலும் வேளாண்மையிலும் உள்ள வேதி மாசுகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் ஒன்றில் வேதியியலராகப் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களிலும் பள்ளிகளிலும் என்னிடம் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட கேள்விகளையும், அவற்றுக்கு அறிவியல் ஆய்வுகளின் அடிப்படையில் நான் அளித்த விடைகளையும் இங்கே தொகுத்துள்ளேன். எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே அளவில் விடை சொல்லவில்லை. மக்கள் அதிகம் அஞ்சும் சிலவற்றை விரைவாகவே கடந்திருக்கிறேன். அவர்கள் பொருட்படுத்தாத சிலவற்றில் கூடுதலாக நின்றிருக்கிறேன்.

கலப்படம், மாசு, எச்சம் ஆகிய மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. இலாபத்துக்காக ஒருவர் தெரிந்தே ஒரு பொருளைச் சேர்த்தால் அது கலப்படம். பயிருக்கு அடித்த பூச்சிமருந்தோ, மாட்டுக்குப் போட்ட ஊசிமருந்தோ, முழுவதும் சிதையாமல் விளைபொருளில் தங்கிவிட்டால் அது எச்சம். எவரும் சேர்க்காமலேயே மண், நீர், காற்று, பூசணம், பாத்திரம் ஆகியவற்றின் வழியாக உணவுக்குள் வந்து சேர்வது மாசு. சட்டமும் இவற்றைத் தனித்தனியாகவே பார்க்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ், மாசுகள், நச்சுகள், எச்சங்கள் ஆகியவற்றுக்கென்றே 2011-இல் தனி ஒழுங்குமுறை விதிகள் வெளியிடப்பட்டன.

இந்த வேறுபாடு நம் அச்சத்தின் திசையையே மாற்ற வேண்டியது. பிளாஸ்டிக் அரிசி பற்றிய காணொளி வந்தால் ஊரே பதறுகிறது. மாட்டுத் தீவனத்தில் பூசணம் பிடித்திருப்பதைப் பற்றிப் பேச ஆளில்லை. ஆனால் ஆய்வுகள் காட்டும் பெரிய தீங்குகளில் பல, யாரும் கலக்காமல் வந்தவைதான்.

அனுமதிக்கப்பட்ட அளவு என்கிறார்களே, நஞ்சில் அனுமதி என்ன வேண்டியிருக்கிறது?

இந்தக் கேள்வியில் உள்ள கோபம் எனக்குப் புரிகிறது. ஆயினும் அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் வீடுகளில் சொல்வதே நச்சியல் துறையின் அடிப்படை விதியும் ஆகும். ஒரு பூச்சிக்கொல்லியை எலி, நாய் போன்ற விலங்குகளுக்குப் பல்வேறு அளவுகளில் நீண்ட காலம் கொடுத்து, எந்த அளவு வரை எந்தத் தீங்கும் தென்படவில்லை என்று முதலில் கண்டறிகிறார்கள். அந்த அளவைப் பொதுவாக 100-ஆல் வகுக்கிறார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்காக ஒரு பத்து, மனிதருக்குள்ளேயே குழந்தை, முதியவர், நோயாளி என்று இருக்கும் வேறுபாட்டுக்காக இன்னொரு பத்து. இப்படிக் கிடைப்பதே ஒருவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உண்டாலும் தீங்கில்லை என்று கருதப்படும் அளவு. ஒரு காயில் இருக்கத்தக்க எச்ச வரம்போ, மருந்தை விதிப்படி அடித்தால் வயலில் எவ்வளவு தங்கும் என்ற சோதனையிலிருந்து வருகிறது. அந்த வரம்பு வாழ்நாள் அளவை மீறாதபடி பார்த்துக்கொள்கிறார்கள். தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துகளுக்கு நம் நாட்டில் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே வரம்பு.

ஆகவே ஒரு கத்தரிக்காயில் எச்சம் வரம்பை மீறியிருந்தால், அதை விளைவித்தவர் விதியை மீறியிருக்கிறார் என்பது உறுதி. அதை உண்டவர் நோயுறுவார் என்பது உறுதியில்லை. உடனடி நச்சு என்பது வேறு. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி இருந்தது ஆய்வில் தெரிந்தது. சமைத்த எண்ணெயில் அது பெருமளவில் கலந்திருந்ததால் நேர்ந்த கொடுமை அது. காயில் தங்கும் எச்சத்தின் அளவு அதற்குப் பல ஆயிரம் மடங்கு கீழே இருப்பது.

இந்தக் கணக்குக்கு உட்படாத பொருள்களும் உள்ளன. காரீயம் அவற்றில் முதன்மையானது. உலக நலவாழ்வு நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு, காரீயத்துக்குத் தான் முன்பு வகுத்திருந்த வாராந்திர அளவை 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்றைச் சொல்ல முடியவில்லை என்பதே காரணம்.

பாலில் கலப்படம் அதிகமாமே? பாக்கெட் பாலை நம்பிக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தது. உயிருக்குத் தீங்கு தரத்தக்க கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் எடுத்ததன்று. யூரியா, சோப்புத்தூள் என்று நாம் அஞ்சிக்கொண்டிருந்தது பெரும்பாலும் இல்லை. ஆனால் 368 மாதிரிகளில், அதாவது 5.7 விழுக்காட்டில், அஃப்ளடாக்சின் எம்1 என்னும் நச்சு வரம்பை மீறியிருந்தது. அதில் முதலிடம் நமக்குத்தான்: தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88. பச்சைப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் சிக்கல் அதிகம் என்றும் அந்த ஆய்வு கூறியது.

இந்த நச்சு எங்கிருந்து வருகிறது? அசுபெர்கில்லசு பிளேவசு என்னும் பூசணம், ஈரம் காயாத கடலையிலும் மக்காச்சோளத்திலும் பருத்திக்கொட்டையிலும் வளரும்போது அஃப்ளடாக்சின் பி1 என்னும் பொருளை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, அவற்றின் தீவனத்திலிருந்த கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்ததில்தான் இது முதன்முதலில் கண்டறியப்பட்டது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட பொருள் இது. மஞ்சட்காமாலை பி வகைக் கிருமி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடும். பூசணம் பிடித்த புண்ணாக்கை மாடு தின்றால், அதன் ஒரு சிறு பங்கு கல்லீரலில் எம்1 ஆக மாறி ஒரு நாளுக்குள் பாலில் இறங்கிவிடுகிறது. நல்ல தீவனத்துக்கு மாற்றினால் மூன்று நான்கு நாள்களில் பால் தெளிந்துவிடும்.

பாலைக் காய்ச்சுவதால் இது போகாது; பாக்கெட் பாலுக்குச் செய்யும் சூடேற்றலும் இதைச் சிதைக்காது. தயிராக உறையூற்றினாலும் தங்கும். நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஒரு கிராமை இருபது இலட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியம் அதிலும் பத்தில் ஒரு பங்கை வரம்பாக வைத்திருக்கிறது.

குழந்தைக்குப் பாலை நிறுத்தச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். பாலின் பயன் இந்த அச்சத்தைவிட மிகப் பெரிது. ஆனால் இதைத் தடுக்க வேண்டிய இடம் நம் அடுப்பு அன்று, மாட்டுத் தொழுவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கு மூட்டையில் ஈரம் ஏறி, உள்ளே கட்டிதட்டி, பிட்டால் பச்சைத்தூள் பறக்கும் புண்ணாக்கை, மாட்டுக்குத்தானே என்று போட்டுவிடும் பழக்கம்தான் இதன் வேர். மனிதர் தின்னத் தகாது என்று கழித்த கடலை செக்குக்குப் போகிறது. நச்சின் பெரும்பகுதி எண்ணெயில் இறங்காமல் புண்ணாக்கிலேயே தங்கி, மாட்டின் வழியாக நம் டம்ளருக்குத் திரும்புகிறது. தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணயத்தின்படி பி1 வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அந்தச் சோதனை ஒவ்வொரு கொள்முதல் வட்டாரத்திலும் தவறாமல் நடக்க வேண்டும் என்று கேட்பதுதான், யூரியா இருக்கிறதா என்று வீட்டில் பாலைச் சொட்டுவிட்டுப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

மஞ்சள்தூளில் காரீயம் என்பது உண்மையா, வதந்தியா?

உண்மை. காரீய குரோமேட் என்பது பெயின்ட் செய்யப் பயன்படும் பளிச்சென்ற மஞ்சள் நிறப் பொடி. நிறம் மங்கிய விரலி மஞ்சளைப் பளபளப்பாக்க, மெருகேற்றும் உருளையில் இதைச் சேர்க்கும் வழக்கம் தெற்காசியாவின் சில பகுதிகளில் இருந்துவந்துள்ளது. வங்கதேசத்தில் கருவுற்ற தாய்மார்களின் இரத்தத்தில் காரீயம் ஏன் மிகுந்திருக்கிறது என்று தேடிய ஆய்வாளர்கள், வயல் மண்ணையும் அரிசியையும் தகர டப்பாக்களையும் சோதித்துவிட்டுக் கடைசியில் மஞ்சளில் வந்து நின்றார்கள். 2019-இல் அந்தக் கண்டுபிடிப்பு வெளியானபின் அந்நாட்டு அரசு செய்ததை நான் எங்கு பேசினாலும் எடுத்துச் சொல்வேன். மொத்தச் சந்தையில் சோதனை நடத்தினார்கள். குற்றவாளிகளுக்குத் தண்டம் விதித்தார்கள். சந்தைகளில் எச்சரிக்கை ஒட்டினார்கள். 2019-இல் 47 விழுக்காடு மாதிரிகளில் இருந்த காரீயம் 2021-இல் ஒன்றிலும் இல்லை. இரண்டே ஆண்டுகள்.

இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் வாங்கிய 356 மஞ்சள் மாதிரிகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2024-இல் வெளியானது. ஏறத்தாழ 14 விழுக்காட்டில் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் வாங்கிய சிலவற்றில் 1,000 மைக்ரோகிராமைத் தாண்டியது. நம் நாட்டின் சட்ட வரம்பு 10. காரீயமும் குரோமியமும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்திருந்தால், வந்தது மண்ணிலிருந்தன்று, சாயப் பொடியிலிருந்து என்று துணியலாம். மஞ்சளைப் பொறுத்தவரை இது மாசன்று, கலப்படமே. முதல் விடையில் சொன்ன பொதுப்போக்குக்கு இது விதிவிலக்கு.

காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. உண்ட காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமான பங்கைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே ஓர் அறிகுறியும் தெரிவதில்லை என்பதே இதில் மிகவும் வருந்தத்தக்கது. பாடம் மெல்லத்தான் ஏறுகிறது என்று அந்தப் பிள்ளையையே குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

வீட்டுச் சோதனைகள் இங்கே நம்பத்தக்கவையல்ல. தண்ணீரில் கரைத்துப் பார்ப்பது சில சாயங்களைக் காட்டலாம். சிறிதளவு காரீயத்தைக் காட்டாது. என் வீட்டில், மங்கலாக, மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும் மெருகேற்றாத விரலி மஞ்சளை வாங்கி, கழுவி வெயிலில் காயவைத்து, மிளகாய்த்தூள் அரைக்கக் கொடுக்கும் அதே மாவு மில்லில் அரைத்துக்கொள்கிறோம். கையில் எடுத்ததுமே உள்ளங்கையில் பளிச்சென்ற மஞ்சள் தூள் படியும் விரலியைத் தவிர்ப்பது நல்லது.

பாட்டி காலத்து ஈயச் சொம்பில் ரசம் வைக்கலாமா?

சென்னையில் இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது என்பதே இங்கு சிக்கல். வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. ரசச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் பூச்சும் வெள்ளீயமாகவே இருக்க வேண்டும், வெள்ளீயம் தீங்கற்றது. ஆனால் காரீயம் விலை மிகவும் குறைவு. செய்பவர் கொஞ்சம் காரீயம் சேர்த்து உருக்கினாலும் பார்வைக்குத் தெரியாது. புளித்தண்ணீரும் தக்காளியும் கொதிக்கும்போது அந்தப் புளிப்பு காரீயத்தைக் கரைத்து ரசத்தில் இறக்கிவிடும்.

பழைய பாத்திரக்காரர்கள் கையாண்ட இரண்டு சோதனைகள் உண்டு. தூய வெள்ளீயத் தகட்டைக் காதருகே வைத்து வளைத்தால், உள்ளே படிகங்கள் நெரிபடும் மெல்லிய கீச்சொலி கேட்கும்; காரீயம் கலந்தால் அந்த ஒலி மங்கும். காரீயம் மிகுந்த உலோகத்தை வெள்ளைத்தாளில் தேய்த்தால் பென்சில் போலக் கருங்கோடு விழும். இரண்டுமே பெருமளவு கலந்திருந்தால்தான் காட்டிக்கொடுக்கும். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இருந்தால் ஏமாற்றிவிடும். அதுவே ஒரு குழந்தைக்கு மிகை. நகைக்கடைகளில் தங்கத்தின் மாற்றுப் பார்க்க வைத்திருக்கும் எக்ஸ் கதிர்க் கருவி இதற்கும் பயன்படும். இத்தகைய கருவி உள்ள உலோகப் பரிசோதனைக் கூடத்தில் சொம்பைக் கொடுத்தால், வெட்டாமல் உரசாமல் சில நிமிடங்களில் விடை கிடைக்கும். அதுவரை சொம்பை அலமாரியில் வைத்துவிடுவதே சரி. பாட்டியின் நினைவாக அது அங்கேயும் அழகாகத்தான் இருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் பூச்சிமருந்து எச்சத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்வோம். காய் வாங்கினால் கொசுறாக வரும் அந்த ஒரு கொத்து, எச்சம் அடிக்கடி காணப்படும் பொருள்களுள் ஒன்று. இந்தியக் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் நீண்ட காலமாகக் கூடுதல் சோதனைக்கு உட்படுத்திவருகிறது. இலை மெல்லியது, எடைக்கு ஏற்பப் பரப்பு அதிகம், பூச்சித் தொல்லையும் மிகுதி. ஆகவே மருந்து மிகுதியாகப் படிகிறது.

வந்த கொத்தைக் கழுவாமல் அப்படியே உருவி, உறைய வைத்து, அரைவையில் மாவாக அரைக்கிறோம். அதில் சில கிராமை ஒரு பிளாஸ்டிக் குழாயில் நிறுத்து எடுத்து, தண்ணீரும் அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானும் சேர்த்துக் குலுக்குகிறோம். பிறகு மக்னீசியம் சல்பேட்டும் சமையல் உப்பும் கொட்டியதும் குழாய் கையிலேயே சூடாகும். உப்பு தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, பூச்சிமருந்து கரைப்பானோடு மேலே பிரிந்து நிற்கும். கறிவேப்பிலையில் அந்த மேலடுக்கு கரும்பச்சையாக இருக்கும். பச்சையம் கருவியைக் கெடுக்கும் என்பதால் கரித்தூளைக் கொண்டு அதை நீக்க வேண்டும். கரியை அதிகம் போட்டால் அது சில மருந்துகளையும் சேர்த்து விழுங்கிவிடும். இந்த இடத்தில் கை பழக ஓராண்டாவது ஆகும். தெளிந்த நீர்மத்தை நிறைமாலைமானி என்னும் கருவியில் செலுத்தினால், நூற்றுக்கணக்கான மருந்துகளை அரை மணி நேரத்துக்குள் தனித்தனியாக எடைபோட்டுக் காட்டும். குவெச்சர்ஸ் எனப்படும் இந்த முறை 2003-இல் வெளியிடப்பட்டது. அதற்கு முன் ஒரு மாதிரிக்கு ஒரு நாள் முழுவதும் போகும்; பாட்டில் பாட்டிலாகக் கரைப்பான் செலவாகும்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட கூடங்கள் பங்குபெறும் தேசியக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று 2005-06 முதல் நடந்துவருகிறது. 2014-15-இல் அது ஆராய்ந்த 20,618 மாதிரிகளில் 18.7 விழுக்காட்டில் எச்சம் இருந்தது. வரம்பை மீறியவை 2.6 விழுக்காடு. ஆனால் அந்தப் பயிருக்கு ஒப்புதல் பெறாத மருந்து 12.5 விழுக்காட்டில் காணப்பட்டது. எனக்குக் கவலை தருவது இந்தக் கடைசி எண்தான். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தும், அது பல ஆண்டுகள் காய்கறி மாதிரிகளில் காணப்பட்டதற்கு, உழவரிடம் எந்த மருந்தை அடிப்பது என்று சொல்பவர் பெரும்பாலும் மருந்துக் கடைக்காரராகவே இருப்பது ஒரு பெரிய காரணம்.

கழுவினால் போய்விடுமா? மஞ்சள்நீர், உப்பு, புளி என்று பலவும் சொல்கிறார்களே?

மேலே படிந்தது பெருமளவு போகும். உள்ளே ஊடுருவியது போகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஆப்பிளில் செய்த சோதனையில், நூறு மில்லிலிட்டர் நீருக்கு ஒரு கிராம் என்ற அளவில் சமையல் சோடா கரைத்த நீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது மேற்பரப்பிலிருந்த இரண்டு மருந்துகள் நீங்கின. ஆனால் அவற்றுள் ஒன்றில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குள் தோலைக் கடந்து உள்ளே சென்றிருந்தது. ஆகவே ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். கீரையையும் கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள். அதுவே போதும். காய்கறிக்கென்று விற்கும் தனிக் கழுவு திரவங்களுக்குச் செலவிடத் தேவையில்லை.

இயற்கை விளைபொருள் என்று விற்பதை வாங்கினால் கவலையில்லையா?

பொதுவாக எச்சம் குறைவு. ஆனால் அந்தப் பெயரே உறுதிமொழி ஆகாது. தேசியக் கண்காணிப்பில் இயற்கை அங்காடிகளில் எடுத்த மாதிரிகளிலும் எச்சம் கிடைத்திருக்கிறது. பங்கேற்பு உறுதியளிப்பு முறையிலோ தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்திலோ சான்று பெற்றதா என்று பாருங்கள். கேட்மியம் என்னும் நச்சு உலோகம், அஃப்ளடாக்சின் போன்ற மாசுகளுக்கு இயற்கை, செயற்கை என்ற வேறுபாடே தெரியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தடைசெய்த மருந்துகள் இன்னும் ஏன் உணவில் கிடைக்கின்றன?

டி.டி.டி.யை வேளாண்மைக்குப் பயன்படுத்துவது 1989-இல் நிறுத்தப்பட்டது, பி.எச்.சி. 1997-இல் தடைசெய்யப்பட்டது, காசர்கோட்டின் முந்திரித் தோப்புகளில் வானிலிருந்து தெளிக்கப்பட்டுப் பல குடும்பங்களைச் சிதைத்த எண்டோசல்பானுக்கு 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இவை எளிதில் சிதையாதவை, கொழுப்பில் கரைபவை. ஆகவே மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து மாட்டுக்கும், மாட்டிலிருந்து பாலுக்கும் ஏறிக்கொண்டே போகின்றன.

பரங்கிப்பேட்டையருகே வெள்ளாற்றுப் படுகையில் நெல்வயலுக்கு இட்ட பி.எச்.சி. எங்கே போகிறது என்று கணக்கிட்ட ஆய்வு ஒன்று 1991-இல் வெளியானது. 99.6 விழுக்காடு காற்றில் ஆவியாகிவிட்டது. ஆற்று முகத்துவாரத்தை அடைந்தது 0.4 விழுக்காடு மட்டுமே. குளிர்நாடுகளில் மண்ணிலேயே தங்கும் மருந்து, நம் வெயிலில் காற்றேறி எங்கோ பனிப்பகுதியில் போய் இறங்குகிறது. தமிழ் மண்ணில் செய்த ஆய்வுகளுள் உலகம் கவனித்தவற்றில் இதுவும் ஒன்று. நம் பள்ளிப் பாடங்களில் இது இடம்பெற வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

குப்பைமேட்டில் மேயும் மாட்டின் பாலால் தீங்கு உண்டா?

உண்டு, அதற்கும் நம் நகரிலேயே சான்று உள்ளது. பெருங்குடிக் குப்பைமேட்டுக்கு அருகில் வாழ்ந்த தாய்மாரின் பாலில் டையாக்சின் என்னும் நச்சு, பிற பகுதித் தாய்மாரின் பாலில் இருப்பதைவிட அதிகம் என்று 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. குப்பை குறைந்த சூட்டில் புகைந்து எரியும்போது உண்டாகும் பொருள் இது. அங்கு மேய்ந்த மாடுகளின் பாலே இது மக்களை அடையும் வழியாக இருக்கக்கூடும் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். இதைக் கேட்டு எந்தத் தாயும் பாலூட்டுவதை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை இந்தத் தீங்கை மிஞ்சுவது என்பதில் உலக நலவாழ்வு நிறுவனம் உறுதியாக உள்ளது. நிறுத்த வேண்டியது குப்பைக்குத் தீ வைப்பதை.

கார்பைடு வைத்துப் பழுத்த மாம்பழம்?

கோடைதோறும் கோயம்பேட்டில் டன் கணக்கில் பிடித்து அழிக்கிறார்கள். தடை நியாயமானதே: கால்சியம் கார்பைடில் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் சிறிதளவு ஒட்டிவரும், அதைக் கையால் பொட்டலம் கட்டும் தொழிலாளிக்கு ஆபத்து மிக அதிகம். எத்திலீன் வாயுவை உரிய அறையில் பத்து இலட்சத்துக்கு 100 பங்கு வரை பயன்படுத்த 2016 முதல் அனுமதி உள்ளது. பழம் தானாகவே வெளியிடும் வாயுதான் அது. பழத்தைக் கழுவித் தோல் சீவி உண்டால் போதும். இதற்கு நாம் செலவிடும் அச்சத்தில் பாதியை மஞ்சளின் பக்கம் திருப்பினால் நல்லது.

மீனில் ஃபார்மலின், பாதரசம் இரண்டில் எதற்கு அஞ்ச வேண்டும்?

2018-இல் சென்னைச் சந்தைகளில் ஃபார்மலின் செய்தி பரவியபோது பலர் வாரக்கணக்கில் மீனையே விட்டார்கள். மீனைப் பதப்படுத்த அதைப் பயன்படுத்துவது குற்றம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீனின் மேல் தாளைத் தேய்த்துச் சில நிமிடங்களில் பார்க்கும் எளிய சோதனையை உருவாக்கியிருக்கிறது. தும்பிலி போன்ற சில மீன்களில் இறந்தபின் இந்தப் பொருள் தானாகவே உண்டாகும் என்பதால், இருந்தது என்று மட்டும் சொல்லிக் காசிமேட்டுக்காரரைக் குற்றஞ்சாட்டிவிட முடியாது. எந்த மீனில் எவ்வளவு என்றே கேட்க வேண்டும்.

பாதரசம் வேறு வகை. ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நோய், தொழிற்சாலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக மனிதரை அடைந்ததன் விளைவு. சிறு மீனைப் பெருமீன் தின்னத் தின்ன அது செறிந்துகொண்டே போகும். ஆகவே மத்தி, நெத்திலி, காரப்பொடி ஆகியவற்றில் குறைவு. பெரிய சூரை, பெரிய வஞ்சிரம், சுறா ஆகியவற்றில் அதிகம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கப் பால்சுறாப் புட்டுச் செய்து தரும் நம் வழக்கத்தில், சிறிய சுறாவையே தேடி வாங்குவார்கள். அந்தத் தேர்வு சரியானது. பெரிய சுறாவை வெட்டி விற்கும் துண்டை அவளுக்குக் கொடுக்காதீர்கள். கருவுற்றவர்கள் மீனை விட வேண்டியதில்லை. சிறு மீன்களுக்கு மாறினால் போதும்.

அரிசியில் ஆர்சனிக் உண்டா?

நிலத்தடி நீரில் ஆர்சனிக் மிகுந்த வங்காளப் பகுதிகளில் இது பெரிய சிக்கல். நம் காவிரிப் படுகையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. பொதுவாகச் சொன்னால், நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிக்கும் பழைய முறை அரிசியின் ஆர்சனிக்கில் ஏறத்தாழப் பாதியை நீக்குகிறது. குக்கரில் வைக்கும்போது அப்படியே தங்கிவிடுகிறது. வடிப்பதில் சில உயிர்ச்சத்துகளும் போகும் என்பதால், சென்னையில் இதற்காக மட்டும் முறையை மாற்றச் சொல்ல மாட்டேன்.

சந்தேகம் வந்தால் நானே ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வாங்குபவர் எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அறிக்கை பெறும் உரிமையை அளிக்கிறது. ஒரு நிபந்தனை உண்டு: வாங்கும்போதே, இதை ஆய்வுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். மாதிரி சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்னைக்கான அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் உள்ளது. பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம்.

என்ன சோதிக்க வேண்டும் என்பதை எழுத்தில் குறிப்பிடுங்கள். உணவு நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் ஈரப்பதமும் சாம்பல் அளவும் வந்து சேரும், நீங்கள் தேடிய காரீயம் வராது. மஞ்சள்தூள் என்றால் பிரிக்காத பொட்டலமாகவே கொடுங்கள்; வீட்டு டப்பாவில் கொட்டியதைக் கொண்டுவந்தால், மாசு கடையில் சேர்ந்ததா டப்பாவில் சேர்ந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. காய்கறி என்றால் ஒரு கிலோவாவது வேண்டும், கழுவக் கூடாது. பாலை வாங்கியவுடன் பனிக்கட்டியில் வைத்து அன்றே கொண்டு செல்லுங்கள். பில்லை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அது இல்லாமல் வந்த அறிக்கையைக் கொண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலர் எந்தக் கடையின் கதவையும் தட்ட முடியாது.